எல்லாரும் பேசினார்கள், நானும் பேசினேன். மகளுக்கு என்ன சொல்லட்டும்?

கடலோரத்தாள் | ஏப்ரல் 6, இரவு 11.20

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஆறு வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பது வயதில் எனக்கு அபிஷேகம் கிடைத்தது, அதாவது பரிசுத்த ஆவி இறங்கி, கற்றுக்கொள்ளாத அந்நிய பாஷையில் பேசினேன் என்று எங்கள் சபையில் எல்லோரும் நம்புகிறார்கள். கிடைக்கவில்லை. நான் பொய்யாகத்தான் பேசினேன்.

நாங்கள் பெந்தெகொஸ்தே. ஊரும் சபையின் பெயரும் வேண்டாம். அந்த வருடம் அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் மூன்று நாள் காத்திருப்புக் கூட்டம். முதல் நாள் என் வயதுப் பெண்கள் நாலு பேருக்குக் கிடைத்தது, இரண்டாம் நாள் மூன்று பேருக்கு. மூன்றாம் நாள் ராத்திரி பாயில் முழங்கால் போட்டிருந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஒரு அக்கா தலையில் கை வைத்து அழுத்தினார்கள். கொண்டை ஊசி மண்டையில் குத்தியது. அதை எடுக்கக் கையைத் தூக்கினேன். நான் ஒப்புக்கொடுக்கிறேன் என்று நினைத்து இரண்டு கையையும் பிடித்து மேலே தூக்கிவிட்டார்கள். "அல்லேலூயா வேகமாச் சொல்லு, நாக்கைக் கட்டிப்போடாதே, விட்டுக்கொடு" என்று காதுக்குள் ஒரே சத்தம். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. சுவரோரம் அம்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். என்னிடம் ஏதோ பாவம் ஒளிந்திருக்கிறது, அதுதான் தடை என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும்.

பக்கத்திலிருந்தவர்கள் சொன்ன நாலைந்து ஒலிகளை அப்படியே திரும்பச் சொன்னேன். உடனே கையை விட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள், பாட்டு ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த நேரத்திலும் அம்மா வெந்நீர் போட்டு என் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இருபத்து மூன்று வருடம் ஆகிறது. அதே நாலைந்து ஒலிகளைத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு விசுவாசம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் நாலரை மணிக்கு, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால், அடுக்களைத் தரையில் உட்கார்ந்து தமிழில், சத்தமில்லாமல் ஜெபிக்கிறேன். அங்கே நான் பொய் சொல்வதில்லை. ஆண்டவர் என்னைக் கேட்கிறார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

மகளுக்குப் பதினாலு வயது. மே மாதம் வாலிபர் முகாம். இந்த வருடம் அவளையும் அந்தப் பாயில் உட்கார வைப்பார்கள். "உங்களுக்கு எப்படிம்மா கிடைச்சது?" என்று போன வாரம் கேட்டாள். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.

நகரவாசி | ஏப்ரல் 7, காலை 7.05

வேறு சபைக்கு மாறிவிடுங்கள். இத்தனை வருடம் ஏன் இருந்தீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

கடலோரத்தாள் | ஏப்ரல் 7, காலை 9.40

அண்ணா, என் அப்பா எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அம்மாவையும் அங்கேதான் வைப்பார்கள். என் கல்யாணம் சபையில் பேசி முடித்தது. வீட்டுக்காரருக்கு ஆப்பரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்த மூன்று பேரும் சபைப் பிள்ளைகள். தலையில் கை வைத்து அழுத்திய அந்த அக்காதான் எனக்குப் பிரசவம் ஆனபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கெட்டவர்களாக இருந்தால் எப்போதோ போயிருப்பேன்.

பனங்காட்டு ஊழியன் | ஏப்ரல் 7, மதியம் 2.15

சகோதரி, நானும் பெந்தெகொஸ்தே பாஸ்டர்தான். முப்பது வருட ஊழியம். உங்கள் பதிவை மூன்று தடவை வாசித்தேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அந்நிய பாஷை உண்மை என்று நம்புகிறேன். எனக்கு அது கூட்டத்தில் வரவில்லை. ஒரு சாயங்காலம் பனங்காட்டில் தனியாக நடந்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது வந்தது, யாரும் என்னைத் தொடவில்லை. அப்படியிருந்தும், பாஸ்டர் ஆன பிறகு நானே பிள்ளைகளின் தாடையைப் பிடித்து ஆட்டியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் "எத்தனை பேருக்கு?" என்று மேலிருந்து கேட்பார்கள். எண்ணிக்கை சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கைக்காகத்தான் ஆட்டினேன். உங்களைப்போல எத்தனை பிள்ளைகளை நான் பொய் சொல்ல வைத்தேனோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் யாரும் வேண்டாம்" என்று போனவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் வீட்டில் தனியாக ஜெபம். இரண்டாம் வருடம் தனக்கு மட்டும் ஒரு வெளிப்பாடு. மூன்றாம் வருடம் அந்த வெளிப்பாட்டுக்கு நாலு சீஷர்கள், கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் நிருபம் சும்மா சொல்லவில்லை. நாம் தவறிப்போகும்போது சட்டையைப் பிடித்து இழுக்க ஒரு ஆள் வேண்டும்.

ஒரு டீச்சர் | ஏப்ரல் 7, மாலை 6.30

அக்கா, யோவான் 9ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். ஞாயிறு பள்ளியில் பிறவிக் குருடனின் கதையாகத்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறோம். நான் அதை அவன் அப்பா அம்மாவின் கதையாக வாசிப்பேன். மகனுக்குப் பார்வை வந்துவிட்டது. பெற்றவர்களுக்கு அதைவிட என்ன சந்தோஷம்? ஆனால் விசாரணையில் கேட்டபோது, "இவன் வயதுள்ளவனாயிருக்கிறான், இவனைக் கேளுங்கள்" என்று கழன்றுகொள்கிறார்கள். ஏன் என்று அடுத்த வசனமே சொல்கிறது: இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறவனை ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தார்கள். ஜெப ஆலயத்துக்குப் புறம்பாவது என்றால் சொந்த சனத்துக்கே புறம்பாவது. உங்கள் கல்லறைத் தோட்டத்துக் கவலைதான் அவர்களுக்கும்.

மகன் மட்டும் தனக்குத் தெரிந்ததைத் தவிர ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." அவனைத் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்டதைக் கேள்விப்பட்டு இயேசு அவனைத் தேடிப்போய்க் கண்டார் என்று எழுதியிருக்கிறது. பெற்றவர்களைத் தேடிப்போனதாக எழுதவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். நானும் ஒரு தாய்.

பாளை வாசகன் | ஏப்ரல் 7, இரவு 10.10

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், உபயோகப்படலாம். அந்நிய பாஷை பேசினால்தான் ஆவியின் அபிஷேகம் பெற்றதற்கு அத்தாட்சி என்ற போதனை அப்போஸ்தலர் காலத்திலிருந்து தொடர்ச்சியாக வந்த ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அதை இந்த வடிவத்தில் வகுத்தவர் சார்லஸ் பார்ஹாம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டொபீக்காவில் அவர் நடத்திய வேதாகமப் பள்ளியில் 1901 தொடக்கத்தில் ஒரு மாணவி அந்நிய பாஷை பேசியதிலிருந்து அது பரவியது. 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா வீதி எழுப்புதல் அதை உலகமெல்லாம் கொண்டுபோனது.

அதற்குள்ளேயே ஒருவர் எழுந்து "இல்லை" என்று சொன்னார். எஃப். எஃப். பாஸ்வொர்த். 1914இல் அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை அமைப்பு தொடங்கியபோதே அதில் இருந்தவர், பெரிய சுவிசேஷகர், தாமே அந்நிய பாஷை பேசியவர். அது வரங்களில் ஒன்று, எல்லோருக்கும் போட்ட நிபந்தனை அல்ல என்பது அவர் வாதம். "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் 1 கொரிந்தியர் 12இல் கேட்பதைத்தான் அவரும் கேட்டார். 1918இல் சண்டை போடாமல் ராஜினாமா செய்தார். அந்த வருடப் பொதுக்குழுவுக்கு விருந்தாளியாக வந்தார், பேசவும் விட்டார்கள். அவர் பேசினார், மற்றவர்கள் மறுத்துப் பேசினார்கள், தங்கள் போதனையையே உறுதிப்படுத்தினார்கள், அவரும் அவர் வழியில் போனார். ஒருவரையொருவர் சபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தப் பொதுக்குழுமீது பெரிய மரியாதை உண்டு.

எங்கள் திருநெல்வேலியில் அது அவ்வளவு சுமுகமாக நடக்கவில்லை. ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனெரி ஆங்கிலிக்கன் சபை ஒழுங்குகளை வெளிப்படையாக விமர்சித்து எழுதினார். அவரை அனுப்பிய மிஷனெரி சங்கமே 1835இல் அவரை விலக்கியது. சபையார் பலர் அழைக்க, அவர் பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்தார். அவர் பக்கம் நின்றவர்கள், சங்கத்தின் பக்கம் நின்றவர்கள் என்று ஊர் ஊராகப் பிளவு. 1838இல் அவர் இறந்த பிறகுதான் அது மெல்ல ஆறியது. பாஸ்டர் ஐயா சொன்ன பயம் வீண் பயம் அல்ல என்பதற்காக இதையும் சேர்க்கிறேன்.

மலையடிவாரம் | ஏப்ரல் 8, காலை 5.50

நான் கத்தோலிக்கன், குமரி மாவட்டம். எனக்கு இந்த விஷயத்தில் நினைவுக்கு வருகிறவர் ஒரு விவசாயி. ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டர், ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடேகுண்ட் என்ற சின்னக் கிராமம். ஹிட்லர் பிறந்த ப்ரௌனாவ் ஊருக்குப் பக்கம். பெரிய படிப்பெல்லாம் இல்லை. வாலிபத்தில் ஊரிலேயே முதல் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர். அப்போது ஒழுங்கானவர் என்று பெயர் எடுத்தவரும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு விசுவாசம் ஆழமானது, கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியமும் செய்தார்.

1938 ஜனவரியில் ஒரு கனவு கண்டார். மலையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு ரயில் வருகிறது, பிள்ளைகளும் பெரியவர்களும் அதில் ஏற ஓடுகிறார்கள், தடுக்க முடியவில்லை. இந்த ரயில் நரகத்துக்குப் போகிறது என்று ஒரு குரல். அந்த ஏப்ரலில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு சேர்வதற்கு வாக்கெடுப்பு. ஊரில் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான். ஊர் அதையும் மறைத்து, நூற்றுக்கு நூறு ஆதரவு என்று கணக்குக் கொடுத்தது.

பிறகு ஹிட்லர் படையில் சேர மறுத்தார். அவரை மாற்றப் பார்த்தவர்கள் யார் என்று பாருங்கள். சொந்த ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள், சாமியார்கள். லின்ட்ஸ் ஆயரையே (பிஷப்பையே) நேரில் போய்ப் பார்த்தார். குடும்பத்தைப் பார்த்துக்கொள், நாடு செய்யும் யுத்தத்துக்கு உன்னிடம் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்பதுதான் ஆயரின் ஆலோசனை. எல்லோரும் விசுவாசிகள், எல்லோரும் அவர்மேல் அன்பாகத்தான் பேசினார்கள். அதுதான் பெரிய பாரம். 1943 மார்ச்சில் ராணுவ முகாமுக்குப் போய், சண்டை போட மாட்டேன் என்றார். காயப்பட்டவர்களைப் பார்க்கும் மருத்துவ வேலை என்றால் செய்வேன் என்றும் சொன்னார். கேட்கவில்லை. பெர்லினில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1943 ஆகஸ்ட் 9இல் தலையை வெட்டினார்கள். மூன்று பெண் குழந்தைகள், மூத்தவளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை.

அவர் சபையை விட்டுப் போகவே இல்லை. சிறையிலும் நற்கருணைக்காக ஏங்கினார். தனக்கு முன்னால் ஒரு குருவானவரும் இதே காரணத்துக்காக உயிரைக் கொடுத்தார் என்று சிறையில் கேள்விப்பட்டபோது அவருக்கு வந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்ததே போதுமாயிருந்தது.

மனைவி ஃப்ரான்சிஸ்கா எழுபது வருடம் விதவையாக வாழ்ந்தார். நீதான் அவரைக் கெடுத்தாய் என்று ஊர் அவரை ஒதுக்கியது, விதவைப் பென்ஷன்கூட 1950 வரை கிடைக்கவில்லை. 2007 அக்டோபரில் அதே லின்ட்ஸ் பேராலயத்தில் கணவருக்கு முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது, தொண்ணூற்று நாலு வயதில் நேரில் இருந்து பார்த்தார்.

நகரவாசி | ஏப்ரல் 8, காலை 8.20

நான் நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன், அக்கா மன்னிக்கணும். ஆனால் மலையடிவாரம் அண்ணன் சொன்னதை இதோடு ஒப்பிடுவது சரியா? அங்கே உயிர் போகிறது, இங்கே முகாமில் ஒரு ராத்திரி.

மலையடிவாரம் | ஏப்ரல் 8, காலை 8.55

தம்பி, அளவு வேறுதான். ஆனால் பத்தொன்பது வயதுப் பெண் நடுராத்திரியில், அம்மா அழுவதைப் பார்த்துக்கொண்டே, அத்தனை பேர் நடுவில் மண்டியிட்டிருக்கும்போது அவளுக்கு அதுதான் உலகம். ஆயர் வீட்டில் அந்த விவசாயிக்குக் கிடைத்த அதே அன்பான குரல்தான் அவளுக்கும் கேட்டது.

கறுப்பு அங்கி | ஏப்ரல் 8, மாலை 4.45

வக்கீலாக ஒரு விஷயம். 1985இல் கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை. ஜெபத்தில் தவிர வேறெங்கும் அப்படிப் பாடுவது தங்கள் விசுவாசத்துக்கு ஆகாது என்றார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு, சட்டம் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பதல்ல கேள்வி, அவர்கள் அதை உண்மையாகவே நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்ற கோணத்தில்தான் நீதிமன்றம் பார்த்தது.

இது பள்ளிக்கூடத்தோடு சரி. சபைக்குள் வந்தால் கதை வேறு. சமூக விலக்கத்தைத் தடுக்க பம்பாய் மாகாணம் 1949இல் ஒரு சட்டம் போட்டது. தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒருவரை விலக்குவது மதப் பிரிவின் உள்விவகாரம் என்று நாலு நீதிபதிகள் சொன்னார்கள். தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவனின் வாழ்க்கை என்ன ஆகும் என்று அவர் பார்த்தார். 2023இல் அந்தக் கேள்வி ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போயிருக்கிறது. நான் சின்ஹா பக்கம். ஆனால் இன்றைய நிலையில் உங்கள் வீட்டுப் பிரச்சினையைச் சட்டம் வந்து தீர்க்காது.

பனங்காட்டு ஊழியன் | ஏப்ரல் 8, இரவு 9.00

டீச்சர் யோவான் 9 என்றார்கள். எனக்கு கலாத்தியர் 2 ஞாபகம் வந்தது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பேதுருவே போனார். பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுல் எல்லோர் முன்னாலும் எதிர்த்துக் கேட்டார். பேதுரு விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. எந்தப் பந்தியில் உட்காருவது என்பதில் மட்டும் வளைந்துகொடுத்தார். பவுல் அதையே பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார்.

சகோதரி, உங்கள் மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். நான் பாஸ்டராகச் சொல்கிறேன். உங்கள் பாஸ்டரிடமும் போங்கள், ஆனால் மகளிடம் சொன்ன பிறகு போங்கள். முதலில் அவரிடம் போனால், மகளிடம் சொல்ல வேண்டாம் என்பார்.

ஒரு டீச்சர் | ஏப்ரல் 9, காலை 6.15

பாஸ்டர் ஐயா, மேலே கேட்ட எண்ணிக்கையை இப்போது என்ன செய்கிறீர்கள்?

பனங்காட்டு ஊழியன் | ஏப்ரல் 9, காலை 10.30

எட்டு வருடமாக அனுப்புவதில்லை, டீச்சர். எனக்குத் தெரியாது என்று எழுதி அனுப்புகிறேன். அதனால் இரண்டு தடவை மாற்றல் வந்தது.

கடலோரத்தாள் | ஏப்ரல் 12, இரவு 10.45

பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். உங்கள் ஒவ்வொருவரின் பதிலையும் ராத்திரி வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எனக்குக் கை நடுங்கியது. அவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும். வீட்ல ஒரு நாளும் நீ அப்படி ஜெபிச்சதில்லையே" என்றார். பதினாறு வருடம் தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறார். அவருக்கு உண்மையாகவே கிடைத்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் என்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மகளிடம் சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னேன். கொண்டை ஊசியிலிருந்து வெந்நீர் ஒத்தடம் வரைக்கும் எல்லாம். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் போகவா வேண்டாமாம்மா?" என்றாள். உன் இஷ்டம், போனாலும் போகாவிட்டாலும் உன்னோடு நான் இருக்கிறேன், கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல், உன்னை யாரும் பாவி என்று சொன்னால் எனக்குப் போன் பண்ணு என்றேன். போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இன்று ஆராதனையில் எல்லோரும் ஆவியில் ஜெபிக்கும் நேரம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. அந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

கடலோரத்தாள் | மே 19, இரவு 9.10

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். மகள் முகாமுக்குப் போய் நேற்று வந்துவிட்டாள். இரண்டு ராத்திரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாளாம். மூன்றாம் ராத்திரி ஒரு அண்ணன் வந்து தாடையைப் பிடித்திருக்கிறார். அவர் கையை எடுத்துவிட்டு, "அண்ணா, நான் காத்திருக்கேன், நீங்க சொல்லித் தர வேண்டாம்" என்றிருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாராம். அந்த அடுத்த பிள்ளையைப் பற்றித்தான் ராத்திரி முழுக்க அழுதாள். "அவளுக்கு நீங்க இல்லையேம்மா" என்றாள்.

ஞாயிறு பள்ளி டீச்சர் பட்டியலில் இந்த மாதம் என் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்டரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம். மூன்று பேரும் போகிறோம். தாடையைப் பிடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கப் போகிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்.